துரைமாளிகைப் பேயும் படையலும்

ஆங்கில நாட்டிலே பழங்குடிப் பிரபுக்களின் மாளிகைகளுக்கு நிலமும் சோலையும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே ஒரு பேயும் இன்றியமையாதது போலும். நார்போக் என்னும் சீமையில் ரேய்னம் மாளிகை என ஒன்று உளது. 1619-ஆம் ஆண்டில் ரோஜர் டவுன்ஷெண்டு என்பார் அதனைக் கட்டத் தொடங்கினார். பிற்காலத்தில் அக்குடியில் வாழ்க்கைப்பட்ட டாரதி என்னும் பெருமாட்டி, இங்கிலாந்தின் முதற் பிரதமர் எனப்படும் ராபர்ட் வால்போலின் உடன்பிறந்தாள், 1726-இல் காலமானாள். பெரியம்மை கண்டு இறந்தாள் என்பது ஏட்டுச் செய்தி. கணவன் அவளை அறையில் அடைத்து வைத்திருந்தான் என்பது ஊர்வாய்ச் செய்தி. இவ்விரண்டனுள் நிலைத்தது ஊர்வாய்ச் செய்தியே. பழுப்பு நிறப் பட்டாடை உடுத்து அவள் உலவக் கண்டோம் என்று விருந்தினர் பலர் கூறிவந்தனர். 1936-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புகைப்படக்காரர் இருவர் அம்மாளிகைப் படிக்கட்டைப் படமெடுத்தபோது, வெண்புகை போன்றதோர் உருவம் அதிற் பதிந்ததாம். அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அப்படத்தை வெளியிட, அது உலகெங்கும் பரவிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக இரு படங்கள் படிந்தமையால் நேர்ந்த மயக்கமே அஃது என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். எவ்வாறாயினும், இன்று ரேய்னம் என்றவுடன் கட்டியவர் பெயரை நினைப்பாரினும் படிக்கட்டுப் பெருமாட்டியை நினைப்பாரே பலர்.

இத்தகைய மாளிகைகள் நம் நாட்டில் இல்லை. ஆயினும், அவற்றைக் கண்டு வளர்ந்தவர் இங்கு வந்து, தம் ஊரை நினைந்து கட்டிய வீடுகள் உண்டு. தென்காசிக்கு மேற்கே மூன்று நான்கு மைல் சென்று குற்றாலத்தை அடைவோர், அருவிக்கரைக் கூட்டத்தினின்றும் சற்றே விலகி நடப்பாராயின், மரச்செறிவினூடே உயர்ந்த தாழ்வாரமும் சரிந்த ஓட்டுக் கூரையும் உடைய பழைய பங்களாக்கள் சிலவற்றைக் காணலாம். சுவரிற் பாசி ஏறி, சன்னற் கதவுகள் சாய்ந்து நிற்கும் அவற்றைக் கண்ட மாத்திரத்தில், இங்கு ஒரு கதை இருத்தல் வேண்டும் என்று உள்ளம் தானே சொல்லும்.

குற்றாலம் துரைமாரால் பெயர்பெற்ற ஊர் அன்று. அவர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருக்குற்றாலநாதர் கோயிலும் சித்திரசபையும் அதற்குப் புகழ் தந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அண்டையூராகிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியால் அம்மலையைத் தமிழர் நெஞ்சில் நாட்டிவிட்டார். துரைமார் வந்தது அதன் பின்னர்தான். 1801-ஆம் ஆண்டில் கருநாடக நவாபின் ஆட்சி முடிவுற்று, திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு முற்றும் வந்தது. அக்காலத்தையொட்டியே குற்றாலத்தில் வாசனைப்பொருள் தோட்டமும் தோன்றிற்று. மலுக்குத் தீவுகளை 1796-இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்குள்ள கிராம்பும் சாதிக்காயும் தம் ஆட்சிக்குட்பட்ட நிலங்களில் விளையுமா என்று பார்க்க விரும்பினர். ஓயாத சாரலும் நிழலும் ஈரமும் உள்ள இவ்விடம் அதற்கு ஏற்றதாயிற்று. 1800-ஆம் ஆண்டளவில் இந்திய மண்ணிற் கிராம்பு ஊன்றப்பெற்றது குற்றாலத்துத் தோட்டத்திலேயே என்பர். 1830-களில் ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் இங்கு வந்து செடிகொடிகளை ஆராய்ந்து தொகுத்தார்.

தோட்டத்திற்கு வந்தவர் காற்றுக்கும் மயங்கினர். ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, ஆனித் திங்கள் முதல் ஆவணி வரை இங்குச் சாரலாய்ப் பொழிகின்றது. பாளையங்கோட்டையில் வெயில் தகிக்கும் நாளில் இங்குப் போர்வை வேண்டியிருக்கும். ஆதலின் கலெக்டரும் நீதிபதியும் படைத்தலைவரும் மிஷனெரிமாரும் சாரற்காலத்திற்கென இவ்வூரை நாடினர், பங்களாக்கள் எழுந்தன. பின்னர் உதகமண்டலமும் கோடைக்கானலும் வளர்ந்து, அவ்வூர்களுக்குப் பாதையும் எளிதாயிற்று. துரைமாரின் நாட்டமும் அங்கே திரும்பிற்று. 1904-இல் செங்கோட்டையைக் கொல்லத்தோடு இணைத்த இருப்புப்பாதை நம்மவரைக் கூட்டங்கூட்டமாய்க் குற்றாலத்திற்குக் கொணர்ந்ததேயன்றி, துரைமாரை மீளக் கொணரவில்லை. 1947-க்குப் பின் வீடுகள் கை மாறின. சில அரசாங்க விடுதிகளாயின, சில தனியாரிடம் சென்றன, சில பூட்டப்பட்டன. பூட்டிய வீட்டிற் பேய் குடிபுகுவதற்கு நாட்செல்லுமோ?

தமிழிலக்கியம் பயில்வார்க்குப் பேய் புதிய விருந்தன்று. புறத்திணையிலே, போர்க்களத்திற் புண்பட்டு வீழ்ந்தவனைப் பேய் காத்தலும் அச்சுறுத்தலும் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொண்டார். சயங்கொண்டார் தம் பரணியில் பேய்களுக்குக் கூழட்டு விருந்தே நடத்தினார். பழையனூர் நீலியின் கதையோ, வஞ்சிக்கப்பட்ட பெண்ணொருத்தி இறந்த பின்னரும் வழக்காடிய கதை. இவற்றையெல்லாம் ஆங்கில மாளிகைக் கதைகளோடு ஒப்புநோக்குங்கால் ஒரு வேற்றுமை புலனாகின்றது. ஆங்கிலப் பேயைக் கண்டவர் அஞ்சுவர்; எழுதி வைப்பர்; இக்காலத்தே படமும் எடுப்பர். ஆயின் அது பசித்திருக்கின்றதா என்று கேட்பதாக அக்கதைகளில் யான் படித்ததில்லை. நம் நாட்டிலோ, இறந்தவர் வருகின்றார் என்றவுடன் எழும் முதற் கேள்வியே, அவருக்கு என்ன படைப்பது என்பது.

இது நேற்று வந்த வழக்கம் அன்று. போரில் மாய்ந்தானுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபின் அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்திற் கள் வார்த்தலைக் கண்டு, பெருமலை நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று ஔவையார் ஏங்கியது புறநானூற்றில் உள்ளது. வாழும்போது அவன் விரும்பிய கள்ளே மாண்ட பின்னும் அவனுக்குரியது என்பது படைத்தவர் எண்ணம். இறந்தோன் யாவன் என்பதனை அறிய வேண்டுமாயின், கல்லுக்கு முன்னே வைத்த கலத்தைப் பார்த்தாலும் போதும்.

இவ்வழக்கம் ஆங்கிலேயர் ஒருவரையும் விடவில்லை. 1809-ஆம் ஆண்டில் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்கக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தாக்கிற்று. திருவிதாங்கூர் அரண்களைப் பிடித்த அப்போரிற் படுகாயமுற்று இறந்தவர் கேப்டன் போல் என்னும் அதிகாரி. போர் நடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 25 மைல் தொலைவில் அவரைப் புதைத்தனர். அவ்வட்டாரத்து மக்கள் அவரைப் பேய்த்தெய்வமாகக் கொண்டு, பாட்டுக் கட்டிப் பாடி, சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டனர் என்று கால்டுவெல் ஐயர் 1849-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் எழுதியுள்ளார். அந்நூலில் அவர் நம் மக்களைப் பற்றிக் கூறிய பிற கருத்துகள் பலரைப் புண்படுத்தின என்பது வரலாறு. எனினும் இச்செய்தியைப் பொறித்து வைத்தமைக்கு நாம் கடப்பாடுடையோம். தம்மை வெல்ல வந்த படையின் தலைவன், உற்றார் எவருமின்றி அயல்நாட்டில் மாண்டான் எனக் கண்டு, அவனுக்கு வேண்டியது இன்னதென அறிந்து கொடுத்தவர் நம் பாட்டன்மார். கள்ளுக்கு மாறாகச் சாராயம்; வெற்றிலைக்கு மாறாகச் சுருட்டு. முறை மட்டும் அதியமானுக்கு உரிய அதே முறை.

இந்நினைவோடு சென்ற சாரற்காலத்தில், குற்றாலத்திலுள்ள உறவினர் இல்லத்தில் யான் சில நாள் தங்கியிருந்தேன். ஆற்றங்கரையை அடுத்துப் பூட்டிக்கிடக்கும் பங்களா ஒன்றின் காவற்காரர், எழுபது வயது கடந்த முதியவர், என்னிடம் அன்பு பாராட்டினார். மாலை மங்கும் வேளையில் யான் ஆற்றுப்படியை நோக்கி நடக்கக் கண்டு, "தம்பி, பொழுதடைஞ்ச பிறகு அந்தப் பக்கம் போவாதிய, துரைசாணி வருவா" என்றார். யார் அத்துரைசாணி என்று வினவ, அவர் கூறிய வரலாறு இது. முன்னொரு காலத்தில் அவ்வீட்டில் ஒரு துரையும் துரைசாணியும் இருந்தனர். அவர்தம் குழந்தையை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றது. குழந்தையைத் தேடிச் சென்ற துரைசாணியும் மீளவில்லை. அன்று முதல் இருட்டும் வேளையில் வெள்ளையுடுத்த உருவம் ஒன்று பின்தாழ்வாரத்திலிருந்து இறங்கி ஆற்றுப்படி வரை சென்று நிற்கும்; யாரையும் துன்புறுத்தாது; ஆனால் தண்ணீரண்டையில் குழந்தைகளைக் கண்டால் சத்தமிடும்.

கதை முடிந்தபின் அவர் உள்ளே சென்று, ஒரு சிறு குவளையிற் கருப்பட்டிக் காப்பியும், ஒரு கொழுந்து வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் கொணர்ந்து பின்படியில் வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் இவ்வாறு வைப்பது தமக்கு முன்னிருந்த காவற்காரர் காட்டிய வழக்கம் என்றார். "துரைசாணிக்கு வெற்றிலையா பெரியவரே?" என்று கேட்டேன். அவர் சிறிது நகைத்து, "எனக்குச் சொல்லித் தந்தது இதுதான் தம்பி, மாத்த நான் யாரு?" என்றார். அவ்விடை என் மனத்திற் தைத்தது.

தென்காசிக்குத் திரும்பிய பின்னர் என் பாட்டனாரிடம் இதனைக் கூறினேன். அவர் மிஷன் பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பேய்க்கதை என்றால் எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டில் அச்சொல்லையே வழங்கவிடார். அன்றோ அவர் எழவில்லை. நெடுநேரம் பேசாதிருந்து, அந்தப் பங்களா எங்கே உள்ளது, படி எத்திசை நோக்கியது, வாசலில் சாதிக்காய் மரம் உண்டா என ஒவ்வொன்றாய்க் கேட்டார். பின்பு, "ஏல ஐயா, துரைசாணி யாரும் அங்கே சாகலை. செத்தது எங்க அத்தை" என்றார்.

என் பாட்டனாரின் தந்தையார் இளமையில் அவ்வீட்டிற் சமையற்காரராயிருந்தார். அவர் தங்கை குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவாயிருந்தாள். 1930-களில் ஒரு சாரற்காலத்து மாலையில், துரைமகன் பந்தொன்று ஆற்றிற் பாய, அவன் அதன்பின் இறங்க, ஆயா குதித்து அவனைக் கரைக்குத் தள்ளிவிட்டாள். வெள்ளம் அவளைக் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் தென்காசிக்குக் கிழக்கே உடல் கிடைத்தது. அவளுக்கு வயது இருபத்திரண்டு, மணமாகவில்லை. இடுகாட்டிற் கல் நாட்ட வீட்டாருக்கு வசதியில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பத்தார் கப்பலேறிவிட்டனர். அவள் ஆவி ஆற்றங்கரையில் நிற்கின்றது என்று ஊரார் பேசத் தொடங்கவே, கிறிஸ்தவ வீட்டிற்கு இஃது இழுக்கு என்று அஞ்சிய பெரியோர், அவளைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டனர். "அவளுக்குக் கருப்பட்டிக் காப்பின்னா உயிரு என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்" என்று கூறிப் பாட்டனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வரலாறுகளுள் எது மெய்? நீதிமன்றத்தில் நிற்கத்தக்க சான்று என்னிடம் இல்லை. ஆனால், ஏட்டுச்சுவடிகளிற் பாடவேறுபாடு காணுங்கால் எமக்குக் கற்பிக்கப்படும் முறையொன்று உண்டு. எழுதுவோன் தனக்கு விளங்காத சொல்லைத் தனக்கு விளங்கும் சொல்லாக மாற்றிவிடுவது இயல்பு; ஆதலின், பொருந்தாதது போலத் தோன்றும் பாடமே பெரும்பாலும் பழைய பாடமாயிருக்கும். இங்கும் அவ்வாறே. பெரிய வீட்டிற்குப் பெரிய பேய் வேண்டும் என்று கதை சொல்லுவோர் எண்ணினர். அதனால் ஆயா துரைசாணியானாள். காப்பாற்றப்பட்ட பிள்ளை இறந்த பிள்ளையாயிற்று. ஆனால் படையலைத் திருத்த ஒருவருக்கும் துணிவில்லை. ஒரு காவற்காரர் மற்றொரு காவற்காரருக்குக் காட்டிக்கொடுத்த குவளையும் வெற்றிலையும் பழைய பாடமாக அப்படியிலேயே நிலைத்துவிட்டன. கேப்டன் போலுக்குச் சுருட்டு வைத்த நாட்டில், துரைசாணிக்கு வெற்றிலை வைப்பாரோ? கதை மாறும், படையல் மாறாது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அவ்வாறு மாறிய கதையும் பயனற்றதன்று. குற்றால மலையில் உச்சியிற் பெருமழை பெய்யும்போது அடிவாரத்தில் வெயில் அடிப்பதும் உண்டு. செங்குத்தான பாறைகளில் வீழும் நீர் தங்குமிடமின்றித் திரண்டு, சிறிது நேரத்திற்குள் கீழே பெருவெள்ளமாகிவிடும். நீர் நிறம் மாறுவதையும் இரைச்சல் தடிப்பதையும் உள்ளூரார் அறிவர், வந்தவர் அறியார். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஓர் இளைஞரின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அத்தகைய ஆற்றங்கரையில், இருட்டும் வேளையிற் பிள்ளைகளைக் கண்டால் சத்தமிடும் பேய், எச்சரிக்கைப் பலகையினும் நன்கு காவல் செய்யும். உயிரோடிருந்தபோது பிறர் பிள்ளையைக் காத்தவள், கதையாகிய பின்னரும் அதனையே செய்துவருகின்றாள். ஊரார் பெயரை மாற்றினரேயன்றி, அவள் தொழிலை மாற்றவில்லை.

இனி, எம் சமயத்தார் இதனை எங்ஙனம் கொள்வது? மாண்டவர் ஆவி ஆற்றங்கரையில் அலைகின்றது என்று யான் நம்பவில்லை. அவள் இறைவன் கையில் இருக்கின்றாள் என்றே நம்புகின்றேன். ஆயினும் திருமறையில் ஓரிடம் இந்நாட்களில் என் நினைவுக்கு வருகின்றது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர் நடுவே வந்து நின்றபோது, அவர்கள் ஆவியென்று எண்ணிக் கலங்கினர். உண்பதற்கு ஏதேனும் உண்டோ என்று அவர் கேட்டார். அவர்கள் கொடுத்த மீனை அவர் முன்னிலையில் உண்டார். தாம் ஆவியல்லர் என்பதற்கு அவர் காட்டிய அடையாளம் பசி. அக்காவற்காரர் வேற்றுச் சமயத்தவர். தாம் அறியாத ஒரு பெண்ணுக்காகத் தம் சொற்பக் கூலியிற் கருப்பட்டி வாங்கி வருகின்றார். அவளுடைய சொந்த வீட்டாராகிய நாங்களோ, இழுக்கு வரும் என்று அவள் பெயரைக் கூடச் சொல்லாதிருந்தோம். மூடநம்பிக்கை எங்கே இருந்தது, அன்பு எங்கே இருந்தது என்று தீர்ப்பது அத்துணை எளிதன்று.

பிறப்பும் திருமணமும் இறப்பும் குறித்து வைப்பதற்கென எங்கள் குடும்ப வேதபுத்தகத்தின் முன்னே சில தாள்கள் உள்ளன. சென்ற ஞாயிறு மாலை பாட்டனார் அதனை எடுத்துவரச் சொல்லி, தம் கையாலேயே அவள் பெயரை எழுதி, 'குழந்தையைக் காத்து ஆற்றில் மாண்டாள்' என்று அதனருகே சேர்த்தார். அப்பெயரை ஈண்டு அச்சிடுதல் அவர் விருப்பமன்று. எங்கள் வீட்டில் அஃது இப்போது வாய்விட்டு வழங்குகின்றது, அதுவே போதும்.

தென்காசியில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயிலின் கோபுரம் நெடுங்காலம் பிளவுண்டு மொட்டையாய் நின்றது. ஊர் கூடி 1990-இல் அதனை மீண்டும் எழுப்பிற்று. துரைமாரின் பங்களாக்களுக்கு அத்தகைய பாக்கியம் இராது. அவை ஒவ்வொன்றாய் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் விடுதிகள் எழும். இடிவதற்காக யான் வருந்தவில்லை. ஆனால் அச்சுவர்களோடு அவற்றில் உழைத்தவர் கதைகளும் மண்ணாதல் கூடாது. கட்டியவர் பெயர் அரசாங்க ஏட்டில் இருக்கும். துரைமார் பெயர் கல்லறைக் கல்லில் இருக்கும். தோட்டங் கொத்தியவர், பல்லக்குத் தூக்கியவர், சமைத்தவர், பிள்ளை வளர்த்தவர் ஆகியோர் பெயர் எங்கே இருக்கின்றது? ஒருகால் ஒரு பேய்க்கதையின் உள்ளே, வேறொருவர் உடையை உடுத்து நிற்கக் கூடும்.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் என் தோழர்களுக்கும், ஊரிலேயே வாழும் நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் ஒரு பாழ்வீடு இருக்கும். அதில் ஒரு பேயும் இருக்கும். நகைத்து ஒதுக்காமலும் அஞ்சி ஓடாமலும், அங்குள்ள முதியவரிடம் சற்றே அமர்ந்து கேளுங்கள். அது எப்படித் தோன்றும் என்று கேட்பதினும், அதற்கு என்ன படைப்பார்கள் என்று கேளுங்கள். விடையை எழுதிக்கொண்டு வந்து, உங்கள் வீட்டுப் பெரியோரிடம் படித்துக் காட்டுங்கள்.